முதலாளி பூக் கேட்ட வலைதளம்

எங்கள் கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். பெயர்தான் அது. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயில் போடுவது, சாம்பிளைக் கூரியரில் ஏற்றுவது, பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது, முதலாளியின் போனில் பேத்தி போட்டோவை வைத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான். அதனால் வலைதளமும் என் தலையில் விழுந்தது. குழந்தைகள் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சின்ன யூனிட். தளத்தில் நாலு போட்டோ, ஒரு முகவரி, 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று ஒரு வரி. அந்த வரியை நான் எழுதவில்லை.

மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்த முதலாளி, வலைதளத்தில் விளம்பரம் போட இடம் விடலாமாமே என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். பனியன் விற்கிற தளத்தில் ஊரான் விளம்பரம் எதற்கு என்று நான் வாதாடினேன். அவர் ஜன்னல் வழியாக எங்கள் காம்பவுண்டுச் சுவரைக் காட்டினார். அதில் சிமெண்ட் விளம்பரம் எழுதிக்கொள்ள விட்டிருந்தார். அதற்குப் பதிலாக அந்தக் கம்பெனிக்காரர்கள் சுவர் முழுக்க வெள்ளை அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

"செவுரு சும்மாதான கெடக்குது கண்ணு. பையரு வந்தா செவுத்தப் பாத்தா ஆர்டர் போடறான்? துணியத்தான பாக்கறான்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. தேடிப்பார்த்ததில், தளத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஒரே பிளகின் இரண்டு வேலை செய்தது. தளத்துக்கு யார் வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து, எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று கணக்கும் எடுக்கும், விளம்பரமும் போடும். சரி, ஒழியட்டும் என்று அதையே எடுத்தேன்.

முதலாளி நல்ல நேரம் பார்த்தார். ராகு காலம் முடியும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மேஜை மானிட்டரின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டிய பிறகுதான் பட்டனை அழுத்த அனுமதி கிடைத்தது. பிளகின் உடனே கேள்வி கேட்க ஆரம்பித்தது. உங்கள் தொழிலின் நோக்கம் என்ன என்பது முதல் கேள்வி. முதலாளியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நாலு குடும்பம் நல்லா இருக்கோணும்னு போடு கண்ணு."

அந்தப் பெட்டியில் அப்படி ஒரு விருப்பமே இல்லை. 'விற்பனையைப் பெருக்க' என்பதைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

சில நாள் கழித்து விளம்பரங்கள் முளைத்தன. கூடவே கூத்தும் முளைத்தது. முதலாளியின் கம்ப்யூட்டரில் குழந்தைப் பனியனுக்குப் பக்கத்தில் ஒரு காங்கேயம் காளை நின்றது. கீழே சொட்டுநீர்க் குழாய். என் போனில் வரன் தேடும் விளம்பரம். முப்பது தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவாம். அதை எட்டிப் பார்த்த தையல் லைன் முழுக்க ஒரு வாரம் சிரித்தது. எங்கம்மா போனில் முட்டிவலித் தைலம். அம்மாவும் இதே கம்பெனியில்தான், செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே பீஸில் ஓட்டை, கறை பார்க்கும் வேலை. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நாளிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். முட்டி வலிக்காமல் என்ன செய்யும்?

முதலாளி பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். ஜெர்மனிக்காரன் தளத்தைத் திறந்தால் காளை மாட்டைப் பார்த்து என்ன நினைப்பான் என்பது அவர் கவலை. ஜெர்மனிக்காரனுக்குக் காளை வராது, ஆளுக்கு ஆள் மாறும் என்று சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

"அவங்கவங்களுக்கு எது வேணுமோ அதைக் கண்டுபிடிச்சுக் காட்டுங்கய்யா. அது தப்பாவே சொல்லாது."

முதலாளி மானிட்டரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என்னைப் போகச் சொன்னார்.

கணக்கெடுக்கும் பக்கத்தை நான் தினமும் காலையில் பார்ப்பேன். பெரும்பாலும் யாரும் இருக்கமாட்டார்கள். திடீரென்று ஒரே ஒருவர் தினமும் வர ஆரம்பித்தார். நாங்கள் கேட் திறக்கும் நேரத்துக்கு வருவார், முகப்புப் பக்கத்தை மட்டும் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். ஊர் திருப்பூர் என்று காட்டியது. பெரிய பையரின் உள்ளூர் ஏஜெண்டாக இருக்கும் என்று எனக்கு ஒரே பூரிப்பு. ஆர்டர் குறைந்து, ஒரு ஷிப்டு நின்று, லைனில் பாதி மெஷின் உறை போட்டுக் கிடந்த காலம் அது. அம்மாவிடம் சொன்னேன். அவள் அந்த முகம் தெரியாத ஏஜெண்டுக்காக ஜெபம் பண்ணினாள்.

ஒரு நாள் காலை, சாம்பிள் ஷீட்டில் கையெழுத்து வாங்க முதலாளி அறைக்குப் போனேன். குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு, செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. வலது கை மவுஸின் மேல் இருந்தது. உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு ஒரு கிளிக். கண்ணைத் திறந்தார்.

எங்கள் தளத்தின் உச்சியில், 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்ற வரிக்குக் கீழே, பெரிதாக ஒரு விளம்பரம்: பழைய தையல் மெஷின்கள் நல்ல விலைக்கு வாங்கப்படும்.

"பாத்தயா கண்ணு. இன்னைக்கும் அதேதான் வந்திருக்குது."

அந்த ஒரே ஒருவர் யாரென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அடக் கடவுளே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் முதலாளி எதற்கும் பூக் கேட்காமல் இறங்கமாட்டார். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். யாராவது ஒருவர் ஒன்றை எடுத்துப் பிரிக்கவேண்டும். நினைத்த நிறம் வந்தால் அம்மன் சம்மதம். போர்வெல் இடம், மகள் கல்யாணம், கம்பெனி கட்டிய மனை எல்லாம் அப்படிக் கேட்டதுதான். மெஷின்களை விற்றுவிட்டு உடுமலைப் பக்கம் தென்னந்தோப்போடு இருந்துவிடலாமா என்றும் இப்போது கேட்டிருக்கிறார். ஒரு தடவை வெள்ளை வந்ததாம், ஒரு தடவை சிவப்பு வந்ததாம். குழம்பிப்போய் இங்கே வந்திருக்கிறார். தப்பாகவே சொல்லாது என்று நான்தானே சொன்னேன்.

மெஷின் போனால் தையல்காரர்கள் எப்படியாவது வேறிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கும் ஒரு வேலை கிடைக்கும். அம்மாவின் வயதுக்கும் முட்டிக்கும் வேறு கம்பெனி கேட்டில்கூட நிற்க விடமாட்டார்கள். இந்த வேலை போனால் அவளுக்கு அடுத்தது இல்லை.

"அய்யா, நீங்க தேடுனதைத்தாங்க அது திருப்பிக் காட்டுது. நீங்க பழைய மெஷின் வெலை கேட்டிருப்பீங்க, அதாங்க."

"ஆமா, கேட்டேன். கேக்காம சாமி எப்படிச் சொல்லும்?"

ஆடி முடிந்ததும் மெஷின் பார்க்க ஆள் வருகிறான் என்றார். லைனில் சொல்லவேண்டாம் என்றார். முகத்தில் சந்தோஷமில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பிடிக்காத காரியத்துக்கு ஒரு மனுஷன் கம்ப்யூட்டரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டீ பிரேக்கில் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் கடைசி மிடறு டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்தாள்.

"அவரு கேட்டாத்தான் சொல்லுமோ? நாம கேட்டாச் சொல்லாதோ?"

"நம்ம போன்ல கேட்டா நம்ம போன்லதாம்மா வரும்."

"அப்ப அவரு பொட்டியிலயே போய்க் கேப்போம். இதுக்கு ஏன்ட்டி முழிக்க?"

முதலாளி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். கம்ப்யூட்டரைப் பூட்டும் வழக்கம் அவருக்கு இல்லை. அன்று சாப்பாட்டு பெல் அடித்ததும் லைன் முழுக்க அவர் அறை வாசலில் நின்றது. லைனில் சொல்லவேண்டாம் என்ற விஷயம் ஒரு டீ பிரேக்கில் பரவியிருந்தது. நான் யாரிடமும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. வாசலில் குங்கும மானிட்டரைப் பார்த்தவர்கள் அவர்களாகவே கழற்றினார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்து, புது ஓவர்லாக் மெஷின், புது பிளாட்லாக் மெஷின், புது மெஷினுக்குத் தவணை என்று தேடும் பெட்டியில் தட்டினார்கள். முன்னால் நின்றவர் அதிக நேரம் எடுத்தால் பின்னால் இருப்பவர்கள் கோயில் வரிசையில் போலவே முணுமுணுத்தார்கள். எங்கம்மா சிலுவை போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவள் தட்டியதை நான் பார்க்கவில்லை, வாசலில் காவல் நின்றேன்.

ஜார்க்கண்டிலிருந்து வந்து ஓவர்லாக் ஓட்டும் பெண்ணுக்கு எழுதத் தெரியாது. மைக் படத்தை அழுத்திக் கொடுத்தேன். அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, மானிட்டரைக் கும்பிட்டு, ஹிந்தியில் நிதானமாகப் பேசினாள். புது மெஷின் வேண்டும், நல்ல மெஷின், இந்தக் கம்பெனிக்கே வேண்டும் என்று மூன்றையும் கேட்டாள். பிறகு எல்லா விளம்பரத்தையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். சாப்பாடு யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை கணக்குப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒருவர் வந்தார். திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கொஞ்ச நேரத்தில் இன்டர்காம் அடித்தது.

அறைக்குப் போனேன். தளத்தின் உச்சியில் பளபளவென்று ஒரு புது ஓவர்லாக் மெஷின் நின்றது. பக்கத்தில் சேலை கட்டிய பெண் ஒருத்தி இரு கையையும் விரித்துச் சிரித்தாள். அவள் தலைக்குமேல் விளம்பரம் முழுவதும் ஹிந்தியில் இருந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"ஏங்கண்ணு, நம்ம மாரியம்மன் எப்பிருந்து ஹிந்தி பேசுது?"

அவர் மெதுவாகப் பக்கத்தைக் கீழே இறக்கினார். பிளாட்லாக், தவணைக் கடன், மறுபடி ஓவர்லாக் எல்லாம் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், குழந்தை ஜட்டி போட்டோவை ஒட்டி, முட்டிவலித் தைலம் வந்தது.

"இது உங்கம்மாதான?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மெஷின் போனால் அம்மாவுக்கு வேறு வேலையே கிடைக்காது என்று சொன்னேன். தேம்பலில் பாதிதான் வெளியே வந்திருக்கும். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் லைனில் ஒரு மெஷினும் ஓடவில்லை. எல்லோரும் தலையைக் குனிந்து துணியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். முதலாளி அதைப் பார்த்தார்.

"பூப் போட்டா ஒருத்தருதான் எடுக்கோணும். இங்க எல்லாருமில்ல எடுத்திருக்கறீங்க."

சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். மெஷின் பார்க்க வருவதாக இருந்த ஆளிடம் மரியாதையாகப் பேசினார். இப்போதைக்கு இல்லீங்க, கோவிச்சுக்காதீங்க என்றார். வைத்துவிட்டு, இந்த விளம்பரக் கருமத்தை இன்றைக்கே எடுத்துவிடு என்று என்னிடம் சொன்னார். எடுத்துவிட்டேன். கணக்கெடுக்கிறதை மட்டும் விட்டுவைத்தேன். மறுநாள் காலை அதில் யாரும் வரவில்லை. முதலாளி கட்டிங் டேபிளில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

ஆர்டர் ஒன்றும் கொட்டிவிடவில்லை. உறை போட்ட மெஷின்களில் சில இன்னும் உறையோடுதான் இருக்கின்றன. அந்த வாரக் கடைசியில் அம்மாவின் செக்கிங் டேபிளில் ஒரு தைலப் பாட்டில் இருந்தது. பக்கத்தில் ஒரு உயரமான ஸ்டூல். யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா ஸ்டூலை ஆட்டிப் பார்த்தாள். பிறகு, திருப்பூர் வந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, உட்கார்ந்து பீஸ் பார்த்தாள்.

"தைலம் மட்டுந்தாம்ட்டி கேட்டேன்," என்றாள்.