மூட மறுத்த கேட்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. கணவர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனபின், மலேசியாவின் செனாயில் உள்ள எங்கள் வீட்டுத் தானியங்கி கேட் திறந்தபடியே நின்றுவிட்டது. ரிமோட்டை எத்தனை முறை அழுத்தியும் அசையவில்லை. கையால் தள்ளி மூட மோட்டாரை விடுவிக்க வேண்டும்; அதற்கான சாவியை எங்கே வைத்தேனோ தெரியவில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு மறதி நோய்; கேட் திறந்திருந்தால் பெரிய ரோட்டுக்கு நடந்துவிடுவார்.

பக்கத்து வீட்டு ரஹிம் எட்டிப் பார்த்தார். ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்த மலாய்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"தங்கச்சி, அந்தத் தூண்ல..."

"நேத்து காரைப் பின்னால எடுக்கறப்போ நீங்கதான் கேட்டை இடிச்சிருக்கீங்க! போங்கண்ணே!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

மோட்டார் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராக அசைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். நாற்காலியில் அப்பா இல்லை.

அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். முனையில், அப்பாவின் கையைப் பிடித்தபடி ரஹிம் வந்துகொண்டிருந்தார்.

அப்பாவை உள்ளே உட்காரவைத்துவிட்டு, தூணிலிருந்த சென்சார் கண்ணைக் காட்டினார். அது மறைந்தால் கேட் மூடாது. நேற்றிரவு பூஜையில், கேட்டை மூடியபின் நான் அப்பிய சந்தனமும் குங்குமமும் அதன்மேல் காய்ந்து கிடந்தன.

"அப்பவே பார்த்தேன் லா. உங்க சாமிக்கு வச்சது, நான் எப்படித் துடைக்கிறது?" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

கட்டைவிரலால் துடைத்தேன். கேட் மூடியது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அப்படி நின்று மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. காலையிலிருந்து மூடாதா என்று தவித்த கேட்டை நானே திறந்தேன்.