பிரஷர் பார்த்த பெண் சொன்ன சம்பளம்

பேப்பரில் எழுதுகிறவனுக்கு வாசகர் ஒருவர் போன் செய்துவிட்டால் தலைகால் புரியாது. எனக்கும் அப்படித்தான். போன வாரம் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பால்ச்சாமி என்பவர் பேசினார். பருத்தி விவசாயி.

“சார், ஆப்பரேசன் முடிஞ்சு வந்து நர்ஸுகளப் பத்தி எழுதியிருந்தீகள்ல... அதைப் படிச்சுட்டுத்தான் எம் மகளை நர்ஸிங்குல சேக்கப் போறேன். நாளைக்கு அட்மிஷன். நீங்களும் கூட வந்தா எனக்குத் தெம்பா இருக்கும்.”

உச்சி குளிர்ந்துவிட்டது. குடலிறக்கத்துக்காக நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னைக் கவனித்துக்கொண்ட பெண்களைப் பற்றி அப்போது எழுதியிருந்தேன். ‘பெண்பிள்ளையை நர்ஸிங் படிக்க வையுங்கள், கைநிறையச் சம்பளம்’ என்று கடைசியில் ஒரு வரி. யாரிடம் விசாரித்து எழுதினேன்? யாரிடமும் இல்லை. பத்தியை முடிக்க ஒரு வரி தேவைப்பட்டது... அவ்வளவுதான்.

மறுநாள் காலை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அப்பாவும் மகளும் எனக்கு முன்பே வந்து நின்றார்கள். மகள் கார்த்திகா. பிளஸ் டூவில் நல்ல மார்க். மார்க் ஷீட், டி.சி. என்று எல்லா ஒரிஜினல்களும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில். காரியாபட்டி தாண்டும்வரை அந்த ஃபைலை மடியை விட்டு இறக்கவே இல்லை.

“கவர்மெண்ட் காலேஜ் கவுன்சலிங்குக்கும் போட்டிருக்கேன் சார். ரேங்க் லிஸ்ட் இன்னும் வரல” என்றாள், அப்பாவுக்குக் கேட்காத குரலில்.

கேட்டுவிட்டது. “அது வந்தாத்தானத்தா உண்டு! இது கையில இருக்க சீட்டு. சீட்டை ஏற்பாடு பண்ணுன புரோக்கரு பத்தாயிரம் அட்வான்ஸும் கட்ட வச்சுட்டாரு” என்றார் பால்ச்சாமி.

மதுரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. பெயர் எதற்கு? காம்பவுண்டுக்குள்ளேயே அவர்களுடைய ஆஸ்பத்திரியும் இருக்கிறது. ஹாஸ்டலோடு சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம், நாலு வருடம் என்றார் ஆபீஸில் இருந்தவர்.

“கவலையே படாதீங்க. பேங்க் லோனுக்கு நாங்களே லெட்டர் தர்றோம். பொண்ணு வேலைக்குப் போய்க் கட்டிக்கும்.”

பால்ச்சாமி என் முகத்தைப் பார்த்தார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன்.

ஃபைலைக் கேட்டார்கள். “செக்கப் முடிச்சுட்டுத் தாரேன் சார்” என்றாள் கார்த்திகா. சேருகிற பிள்ளைகளுக்கு முதலில் மெடிக்கல் செக்கப். பால்ச்சாமி ஆபீஸிலேயே இருந்துகொள்ள, நான் அவளுடன் பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே ஒரு நர்ஸ் கார்த்திகாவின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். பேச்சை வைத்துப் பார்த்தால் நம்ம பக்கத்துப் பெண்தான்.

“அக்கா, நீங்க எங்க படிச்சீங்க?”

“இங்கதான்மா.”

“சம்பளம் எவ்வளவுக்கா?”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. முன்பின் தெரியாதவளிடம் சம்பளத்தைப் போய்க் கேட்பார்களா? அந்த நர்ஸ் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“பதிமூணாயிரம். ஹாஸ்டலு, மெஸ்ஸுக்குப் பிடிச்சது போக ஒம்போது கைக்கு வரும்.”

“லோனு?”

“வட்டியெல்லாம் சேந்து மாசம் பதினோராயிரம். பத்து வருசம் கட்டணும்.”

கைக்கு வருவது ஒன்பது, கட்ட வேண்டியது பதினொன்று! அப்படியானால் யார் கட்டுகிறார்கள்? வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“எங்கப்பாதான் சார். கட்டட வேலைக்குப் போறாரு.”

தூக்கிவாரிப் போட்டது. நாலு வருடம் படித்து, டிகிரி வாங்கி, வெள்ளைக் கோட்டும் போட்டாகிவிட்டது. அந்தப் படிப்புக்கான கடனை அப்பா சாரத்தில் ஏறி அடைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நிமிடம் எனக்குப் பிரஷர் பார்த்திருந்தால் உடனே அட்மிட் செய்திருப்பார்கள்.

“வேற ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமேம்மா?”

“ஒரிஜினலெல்லாம் ஆபீஸ்ல இருக்கு சார். ரெண்டு வருசம் வேலை பாத்தாத்தான் தருவாக. எம் பேரை எங்கயும் சொல்லிராதீக.”

இங்கேயும் சொல்லவில்லை. அவள் பட்டையைக் கழற்றிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

கட்டிலில் கிடப்பவனுக்கு நர்ஸ் தேவதையாகத்தான் தெரிவாள். தேவதைக்கு என்ன சம்பளம் என்று எவன் கேட்கிறான்? பருத்தி விதை ஒரு பாக்கெட் வாங்குவதற்கு, ஏக்கருக்கு எத்தனை குவிண்டால் காணும் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். ஆறு லட்சத்துக்கு வாங்குகிற படிப்பு மாசம் எவ்வளவு காணும் என்று ஒருவரிடமும் கேட்பதில்லை. விசாரிக்காமல் வாங்குகிறவர் ஒரு பக்கம் என்றால், விசாரிக்காமல் எழுதுகிறவன் இன்னொரு பக்கம்... வெட்கமாக இருந்தது.

வராந்தாவில் பால்ச்சாமியை நிறுத்தி நடந்ததைச் சொன்னேன். “அண்ணாச்சி, அன்னைக்கு நான் ஒருத்தரையும் விசாரிக்காமத்தான் எழுதிட்டேன். மன்னிச்சிருங்க.”

கோபப்படுவார் என்று பார்த்தேன். படவில்லை.

“அச்சுல வந்துச்சே சார்...” என்றார்.

திட்டியிருந்தால் தேவலை.

யோசித்துவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று ஆபீஸில் போய்ச் சொன்னோம். அட்வான்ஸ் திரும்ப வராது, நாளைக்கு வந்தால் சீட்டும் இருக்காது என்று கையை விரித்துவிட்டார்கள். பால்ச்சாமி தடுமாறினார். “பத்தாயிரம் போயிருமேத்தா... மூணு மூடை பஞ்சு வித்த காசு.” பாதியை நான் தருகிறேன் என்றேன், அவர் காதிலேயே வாங்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து ஃபைலுக்காகக் கை நீண்டது. பால்ச்சாமியும் ஃபைலை வாங்க மகளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

கார்த்திகா கொடுக்கவில்லை. “பத்தாயிரத்தோட போகட்டும்ப்பா” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள். அப்பா அந்த மேஜையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார்.

பஸ் ஸ்டாப்பில் மூன்று பேரும் வெயிலில் நின்றோம். எனக்கு மனசு கேட்கவில்லை. நர்ஸிங் படிக்கத்தானே கவுன்சலிங்குக்கும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள் இந்தப் பெண். என் பேச்சைக் கேட்டு வந்து, இப்போது இருந்த சீட்டையும் விட்டாயிற்று.

“ஏம்மா, கவுன்சலிங்ல கெடைக்கலேன்னா என்ன செய்வ?”

“அடுத்த வருசம் மறுபடி போடுவேன் சார்.”

“ஒரு வருசம் வீணாப் போயிருமே?”

“அந்த அக்காவுக்குப் பத்து வருசம் போகுதே சார்... எனக்கு ஒண்ணுதானே?”