முகம் சுளிக்காத வேலை

பயம் வந்தால் எனக்கு முகம் செத்துவிடும். மற்றவர்களுக்கு வியர்க்கும், உதடு துடிக்கும். எனக்கோ நெற்றியிலிருந்து தாடைவரை எல்லாம் வேலை நிறுத்தம் செய்துவிடும். நாகப்பட்டினத்தில் நான் கப்பலேறிய அன்று மனைவி அழுதுகொண்டே, "ஒரு சொட்டாவது விடக் கூடாதா, கல்லு மாதிரி நிக்கிறீங்களே" என்றாள். உள்ளே நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். வெளியே ஒரு மாஜிஸ்திரேட் நின்றுகொண்டிருந்தார்.

மலாயாவில், ஜொகூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை இருப்பதாக வந்த கடிதத்தை நம்பித்தான் போனேன். கடிதம் பொய் இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் கடையைத்தான் மூடிவிட்டார்கள். ரப்பர் விலை விழுந்திருந்த சமயம் அது. தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, வேலையில்லாதவர்களைத் திரட்டி ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். மனைவி அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். வேலையில் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வந்திருந்தேன். சேர்ந்த பிறகுதான் கடிதம் எழுதுவது என்று ஒரு கொள்கை வைத்துக்கொண்டேன். எழுதத் தைரியமில்லை என்பதற்கு அப்படி ஒரு பெயர்.

சிம்பாங் ரெங்கத்தில் தொடங்கித் தோட்டம் தோட்டமாக நடந்தேன். "இருக்கற ஆளையே அனுப்பிக்கிட்டிருக்கோம், நீ எங்கய்யா வந்து சேந்தே?" என்று கங்காணிகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. தலையாட்டிவிட்டு நடப்பேன். கடைசி நாட்களில் கால்கள் முன்னால் போயின, நான் பின்னால் போனேன். பசி இருந்ததா என்று இப்போது நினைவில்லை.

பெக்கோக் பக்கம் ஒரு தோட்டத்தில், ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி என்றால் நாலு கட்டிலும் ஒரு டிரசரும். காயத்துக்குக் கட்டுப் போடுவது முதல் பிரசவம் வரை எல்லாம் அவர்தான்.

"மருந்து வேலை தெரியுமா தம்பி?"

"தெரியும் ஐயா." எனக்குத் தெரிந்த மருந்து சுக்குக் கஷாயம்.

அவர் ஒரு கிளாஸில் ஏதோ ஊற்றி என்னிடம் நீட்டினார். முகர்ந்து பார்த்து என்ன மருந்து என்று சொல்வான் என்பது அவர் எண்ணம். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நான் வாங்கி, ஒரே மடக்கில் குடித்துவிட்டேன்.

கொய்னா. காய்ச்சலுக்கான மருந்து. கசப்பு என்று அதைச் சொன்னால் பாகற்காய் கோபித்துக்கொள்ளும். கத்தலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வேலை போய்விடும் என்ற பயத்தில் முகம் ஏற்கெனவே செத்திருந்தது.

"கசக்கலையா?"

"இல்லீங்க ஐயா."

மாடு பிடிக்க வந்தவர் போல என்னைச் சுற்றி வந்து இரண்டு கன்னத்தையும் பார்த்தார். அதற்குள் என் காதில் வண்டுகள் கூடு கட்டிவிட்டன. கொய்னா அளவுக்கு மிஞ்சினால் காது அப்படித்தான் இரையும், வேறொன்றும் கேட்காது. அவர் நெடுநேரம் ஏதோ சொன்னார். உதடுகள் மட்டும் அசைந்தன. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

எதற்குத் தலையாட்டினேன் என்பது மறுநாள் விடியற்காலை பெரட்டில் தெரிந்தது. வேலைக்குப் போகுமுன் பெயர் கூப்பிடும் அந்த வரிசையில் ஆளுக்கு ஒரு வாய் கொய்னா கொடுப்பார்கள். ஜனங்கள் அதை வாயில் அடக்கிக்கொண்டு போய், குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் துப்பிவிடுவார்கள். அங்கிருந்த புல்லுக்கு மலேரியாவே வந்ததில்லை. ஆட்களுக்கு வந்தது. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை டிரசரைக் கடிந்துகொண்டிருந்தார். ஆகவே என் வேலை: எல்லாருக்கும் முன்னால் நின்று முதல் வாய் குடிக்க வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. மீதிப் பொழுதுக்குப் பாட்டில் கழுவலாம். ஒரு மாதம் பார்ப்பார்கள். வரிசை குடித்தால் நான் தங்கலாம். குடிக்காவிட்டால் அடுத்த கப்பல்.

வரிசையில் முதலில் நிற்கும் பால்மரம் வெட்டுகிற அக்கா ஒருத்தி எனக்கு மரப்பாச்சி என்று பெயர் வைத்தாள்.

"மரப்பாச்சி குடிச்சிருச்சு. வாயத் தொறங்கடா வீரனுங்களா."

"அதுக்கு நாக்கே இல்லக்கா."

"உனக்கு இருக்கில்ல, காட்டு பாப்போம்."

வெட்கத்திலேயே குடித்தார்கள். காய்ச்சல் குறைந்தது. என் காதில் வண்டுகள் குடும்பம் நடத்தின. மற்றபடி நான் ஒன்றையும் உணரவில்லை. சோறு ஒரு ருசி, மருந்து ஒரு ருசி என்று இல்லை, இரண்டும் ஒன்றுதான்.

மாதக் கடைசி நாள் துரையே பார்க்க வந்தார். என் மேல் இரக்கப்பட்டு டிரசர் அன்று என் கிளாஸில் வெறும் தண்ணீரை ஊற்றியிருந்தார். முந்தின நாளே என்னிடம் சொன்னாராம். வண்டுகளிடம்தான் சொல்லியிருக்கிறார்.

கசப்புக்குத் தயாராக வாயில் விட்டால், தண்ணீர். கற்கண்டு மாதிரி இனித்தது. ஒரு மாதமாக அசையாத முகம் அசைந்துவிட்டது. புருவம் ஏறி, கண் பிதுங்கி, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது.

"ஐயையோ, மரப்பாச்சியே சுளிக்குது" என்றாள் அக்கா. "இன்னைக்கு என்னத்தக் கலந்தாங்களோ."

வரிசை இரண்டடி பின்னால் போனது. துரை வாயில் புகைந்துகொண்டிருந்த சுங்கானை எடுத்தார். டிரசர் முகம் இப்போது என் பழைய முகம் போலச் செத்திருந்தது. எனக்குக் கப்பலின் படிக்கட்டு கண்ணில் தெரிந்தது, மேலே ஏறுகிற படிக்கட்டு.

அவ்வளவுதான். முகம் பழையபடி செத்தது. நேராகப் போய் மருந்து வாளியில் கிளாஸை விட்டு மொண்டு குடித்தேன். இன்னொன்று மொண்டேன். திரும்பி வரிசையைப் பார்த்து நின்றேன்.

அக்கா கிட்டே வந்து என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரி, பழைய மூஞ்சி வந்திருச்சு" என்றாள். "குடிங்க."

குடித்தார்கள். துரை ஏதோ சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கேட்கவில்லை. சாயங்காலம் டிரசர் ஒரு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார்: வேலை நிரந்தரம். சந்தோஷமா என்று கேட்டிருப்பார் போல. தலையாட்டினேன். அது பழகியிருந்தது.

லயத்துக்குத் திரும்பி மனைவிக்கு முதல் கடிதம் எழுதினேன். ஆஸ்பத்திரியில் வேலை, புறப்பட்டு வா. என்ன வேலை என்று எழுதவில்லை. அன்று அவள் கேட்ட ஒரு சொட்டு இப்போதாவது வருமா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. வற்புறுத்தவும் பயமாக இருந்தது. விடிந்தால் பெரட்டு, முகம் வேண்டும். கடிதத்தை மடித்து ஒட்டினேன்.