கோலா சாவா தோட்டத்தில் நிற்காத பம்ப்

சிரம்பானைத் தாண்டி ஏதாவது தோட்டத் தொழிற்சாலைக்கு இயந்திரம் பார்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் பால் தொழிற்சாலையில் பம்ப்புகளை ஓட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிக்குக் கணினி நிரல் எழுதியவன் நான். பால் தொட்டி இரண்டு முறை வழிந்துவிட்டது. பம்ப்பைக் கவனிக்கும் செல்வம் தூங்கிவிட்டார் என்று மானேஜர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார். மூன்றாவது முறை வழிந்தால் வேலையும் போகும், தோட்டத்து வீடும் போகும். பெட்டியில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டு வரத்தான் என் கம்பெனியில் என்னை அனுப்பினார்கள். நானும் அதை நம்பித்தான் கிளம்பினேன்.

கோலாலம்பூரிலிருந்து காலை 7.30 பஸ், டிக்கெட் மூன்று வெள்ளி (ரிங்கிட்), ஒன்றேகால் மணி நேரம். சிரம்பானில் உள்ளூர் பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அங்கே தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் சாப்பிட்டுவிட்டே ஏறுங்கள், அப்புறம் ஒன்றும் கிடைக்காது. உள்ளூர் பஸ்ஸுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. இறங்கிய சந்தியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை, செம்மண் பாதை.

செல்வத்துக்கு என் வயதுதான் இருக்கும். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“பிரிண்டர் ஓடறப்ப சிவப்பு பட்டன அமுக்குனாலும் பம்ப் நிக்காது சார். ரெண்டு தடவையும் அப்படித்தான். சொன்னா யாரு நம்புறா, தூங்கிட்டான்னு முடிச்சிட்டாங்க லா.”

நான் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெட்டியின் இயங்குதளத்தில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும்; அதைவிட அவசரமானது வந்தால் ஓடுவது பாதியில் விலகி வழிவிடும். எது அவசரம் என்பதை எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் மேதாவித்தனமாக அவசரத்துக்கு ஒன்பது படிகள் வைத்திருந்தேன். பதினொரு மணி ரிப்போர்ட் தாமதமாகக் கூடாது என்று அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி கேட்டுக்கொண்டார் என்பதற்காக, அச்சிடுவதைத் தொட்டிக்கும் சிவப்புப் பட்டனுக்கும் மேலே ஏற்றியதும் நான்தான்.

“மழை இருட்டிக்கிட்டு வந்தா ரப்பர் பால் வெட்டுறத அப்படியே போட்டுட்டு சேந்த பால எடுக்க ஓடுவோம்லா. அப்ப எவனாச்சும் ரிப்போர்ட் எழுதுவானா?” என்றார் செல்வம்.

ஒன்பது படிகளை இரண்டாக்கினேன். தொட்டி நிறைந்தால் மேலெழும் மிதவையும் சிவப்புப் பட்டனும் எதையும் இடைமறிக்கலாம். மற்றதெல்லாம் வரிசையில் நிற்கும். அச்சு ஓடும்போதே செல்வம் மிதவையைக் கையால் தூக்கினார். பம்ப் நின்றது. அவர் கையை எடுக்கவே இல்லை.

மானேஜரிடம் போய்த் தவறு என்னுடையது என்றேன். ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதிக் கொடுத்ததும் எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

உங்களுக்கு இரண்டு யோசனைகள். அலுவலகத்துக்குள் நுழைவதற்கு முன் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவரிடம் பேசுங்கள். திரும்பும் கடைசி பஸ் 5.40க்கு, தவற விடாதீர்கள். நான் விட்டுவிட்டேன். கிளம்பும்போது செல்வம் வாசலில் ஒரு வெள்ளைத் தாளோடு நின்றிருந்தார்.

“தமிழ்ல ஒண்ணு எழுதிக் குடுங்க சார். வீட்டுல பொஞ்சாதியும் நான் தூங்கிட்டேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருக்கா.”