கைப்பேசியில் குடியிருந்த அலுவலகம்

என் மனைவி பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தாள். அலுவலக மின்னஞ்சலைச் சொந்தக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒருநாள் அங்கே விதி வந்தது. அதற்காக ஒரு செயலியை நிறுவிக்கொடுத்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“காசு போட்டு வாங்குனது நானு. இப்ப ஆபீஸ்காரன் உள்ள வந்து வாடகை இல்லாம குடியிருக்கான். என் படத்தையெல்லாம் மேல கிளவுட்ல போட்டு வைக்கலாம்னா, அதுக்கும் அவன்தான் பூட்டு போட்டிருக்கான்லா.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்துபோயிற்று.

மாசாயில் எங்கள் வீடு சாலையை ஒட்டிய வரிசை வீடு. விடிந்தது முதல் அடங்கும்வரை மோட்டார் சைக்கிள்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் வெள்ளிக்கிழமைகளில் கோயில் பஜனைக் குழுவில் பாடுபவள். குழுவில் பத்துக் குரல்களோடும் மத்தளத்தோடும் அவள் குரல் கலந்து போய்விடும். தனியாகப் பாடிப் பழகியது மதிய இடைவேளையில்தான். தொழிற்சாலைக்கு வெளியே நிறுத்திய காரில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாடுவாள். தவறு எங்கே என்று பிறகு கேட்டுப் பார்ப்பதற்காகக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்வாள். யாருக்கும் அனுப்பமாட்டாள். ஒருமுறை ரெங்கத்தில் ஒரு திருமணத்துக்குப் போகும் வழியில் தவறுதலாக ஒரு பதிவு ஒலித்தது. பாட்டின் மூன்றாவது அடியில் சுருதி நழுவியது. உடனே பாட்டு நின்று அவள் குரல் வந்தது: “ஐயோ கழுதை, மறுபடியும் அங்கயே போய் விழுந்தியா?” அதைத் தொடர்ந்து ஒரு சிரிப்பு. காரில் என் பக்கத்தில் இருந்தவள் வெட்கப்பட்டு, எட்டி அதை அணைத்தாள்.

அவள் போனபிறகு நான் கேட்க விரும்பியது அந்தத் திட்டும் அந்தச் சிரிப்பும்தான். பாட்டை வேறு யாராவது பாடிவிடலாம்.

நெஞ்சுவலி என்று மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை. வளையல்களையும் கைப்பேசியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். கைப்பேசி சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. கருமாதி முடியும்வரை போனவருடைய பொருள்களைப் புழங்கக்கூடாது என்பது எங்கள் இரு குடும்பங்களிலும் உள்ள வழக்கம். பையை அவிழ்க்காமல் அலமாரியில் வைத்தேன். எங்கே போய்விடும் என்று எண்ணினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவளுடைய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முறைப்படி தகவல் சொன்னேன். மனிதவளப் பிரிவுப் பெண் அழுதுவிட்டாள்.

“அங்கிள், எங்க எல்லாருக்கும் அவங்க அக்கா மாதிரி. நீங்க எதுக்கும் அலைய வேணாம். அக்கவுண்டு எல்லாத்தையும் நாங்களே க்ளோஸ் பண்ணிடுறோம்.”

அவளுக்கு நன்றி சொன்னேன்.

என் மனைவியின் தங்கை லாயாங் லாயாங்கிலிருந்து வந்து எனக்குத் துணையாக இருந்தாள். கைப்பேசியைத் திறக்கும் எண் அவளுக்குத் தெரியும். கருமாதிக்குச் சில நாள் முன்பு அவள் கேட்டாள்:

“அத்தான், படையலை என் வீட்டுல வச்சுக்கலாமா? இங்க ஒரே மோட்டார் சத்தம். அங்க அமைதியா அக்கா பாட்டைக் கேக்கலாம்.”

“அவள் வாழ்ந்த வீட்டில்தான் வைக்க வேண்டும்” என்றேன்.

“அதுவும் சரிதான். என் வீட்டுல லைனே கிடைக்காது. சுத்தி செம்பனைத் தோட்டம்தான். அக்கா வந்தா, போனைத் தூக்கிக்கிட்டு ரோடு வரைக்கும் நடப்பா.”

பதினாறாம் நாள் வாழையிலையில் அவளுக்குப் பிடித்தவை எல்லாம் இருந்தன. நெத்திலி சம்பல், கறிபப், சர்க்கரை குறைத்த காப்பி. தங்கை கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றி இலையின் ஓரத்தில் வைத்தாள். படையலுக்குப் பிறகு அவளையே பாடவைப்பது என்று முடிவுசெய்திருந்தோம். கற்பூரம் காட்டியபின் தங்கை பொத்தானை அழுத்தி எண்ணைப் போட்டாள். நாங்கள் இருவரும் நிற்கும் பழைய படம் திரையில் தோன்றியது. வீட்டு வைஃபை தானாகவே இணைந்தது. தங்கை பதிவுகளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. பிறகு ஒரு வெண்கோடு இடமிருந்து வலமாக மெல்ல நீண்டது.

“அப்டேட் ஆகுது போல, அத்தான்.”

“இருக்கட்டும். காத்திருப்போம்.”

ஊதுபத்தி எரிந்து முடிந்தது. காப்பியில் ஆடை படிந்தது. கைப்பேசி மீண்டும் விழித்தபோது எங்கள் படம் அதில் இல்லை. ஹலோ என்றது. பிறகு சீன எழுத்தில் ஏதோ சொன்னது. பிறகு வணக்கம் என்றது. எந்த மொழி வேண்டும் என்று தெரிவு செய்யச் சொன்னது.

“அலமாக்” என்று தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். “அத்தான், நான் எதையும் தொடலையே. சத்தியமா தொடல.”

“நீ தொடவில்லை” என்றேன்.

இரண்டு கடைகளில் காட்டினேன். நிறுவனத்தின் செயலி இருந்த போன், அவர்களையே கேளுங்கள் என்றார்கள். தொழிற்சாலைக்குச் சென்றேன். உள்ளே படம் எடுக்கக்கூடாது என்பதால், வாயிலில் நேப்பாளக் காவலர் என் கைப்பேசியின் கேமராவின்மேல் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டினார். பையிலிருந்த மற்றொன்றையும் பார்த்துவிட்டார். “டுவா டெலிஃபோன், பாக்சிக்?” என்று, இரண்டு போனா பெரியவரே என மலாயில் கேட்டுச் சிரித்துக்கொண்டே அதற்கும் ஒன்று ஒட்டினார். அதில் மறைப்பதற்கு எதுவும் இல்லை என்று அவரிடம் சொல்லத் தோன்றவில்லை.

கணினிப் பிரிவு அதிகாரி முப்பது வயதுத் தமிழர். நான் யார் என்று அறிந்ததும் எழுந்து நின்றார்.

“சார், உக்காருங்க. அக்கா எனக்கு டெய்லி கறிபப் வாங்கிட்டு வருவாங்க. ‘தின்னுடா, ஒல்லிக்குச்சி’ன்னுவாங்க.” கைப்பேசியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “இது… வைப் ஆயிருக்கு சார். எல்லாம் அழிஞ்சிருக்கு.”

“அவளுடைய சொந்தப் பணத்தில் வாங்கிய கைப்பேசி” என்றேன்.

“தெரியும் சார். ஆனா எங்க செயலி உள்ள வந்துட்டா முழு போனும் எங்க கண்ட்ரோல். ஒருத்தர் வேலையை விட்டா, நாங்க நிறுத்துனா, இல்ல…” என்று தயங்கினார். “மூணுக்கும் ஒரே பட்டன்தான் சார்.”

“அழுத்தியது யார்?”

அவர் மேசையைப் பார்த்தார். “நான்தான். அக்கா அடக்கத்துக்கு நான் வந்துட்டுப் போன மறுநாள். ஸ்கிரீன்ல பேர் வராது சார். ஸ்டாஃப் நம்பர் மட்டும்தான் வரும். அன்னைக்கு நிறைய நம்பர் இருந்துச்சு.”

“ஆனால் அழிந்தது படையலின்போதுதானே?”

“போன் ஆஃப்ல இருந்தா ஆர்டர் காத்துக்கிட்டே இருக்கும் சார். லைன் கிடைச்ச உடனே வேலையைப் பாத்துடும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, எனக்கு உதவுவதாக எண்ணித்தான் சொல்லியிருக்க வேண்டும்: “லைனே இல்லாத இடத்துல ஆன் பண்ணியிருந்தா ஒன்னும் ஆயிருக்காது. கேட்டிருக்கலாம், இன்னொரு போன்ல பிடிச்சும் வச்சிருக்கலாம்.”

செம்பனை சூழ்ந்த அந்த வீடு என் நினைவுக்கு வந்தது.

“மீட்க வழி உண்டா?”

“இல்ல சார். மீட்க முடியாத மாதிரி அழிக்கணும்னுதான் இதை வாங்கியிருக்காங்க.”

நான் கல்லூரியில் நிர்வாகவியல் கற்பித்தவன். விதி ஆள் பார்க்கக்கூடாது என்பதைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் விளக்கியிருக்கிறேன். அவர் அழத் தொடங்கினார். அவர் தோளைத் தொட்டுவிட்டு வந்தேன். வாயிலில் காவலர் இரண்டு ஒட்டுத்தாள்களையும் கவனமாக உரித்துக் கொடுத்தார்.

வீட்டில் தங்கை சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். “என்ன சொன்னாங்க, அத்தான்?”

“போன் பழுது. எதுவும் செய்ய முடியாதாம்.”

“எங்க வச்சு ஆன் பண்ணியிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்குமா?”

“ஆம்.”

அவள் அக்கா படத்தின் முன் விளக்கை ஏற்றினாள். பிறகு, “அந்தப் பாட்டு எனக்கும் தெரியும். பாடட்டுமா?” என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படத்தின் முன் உட்கார்ந்து பாடினாள். அக்காவின் குரலுக்கு வெகு அருகில் நிற்கும் குரல். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் கடந்தது. மூன்றாவது அடி நெருங்கியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். அவள் அதை நழுவாமல் கடந்து, பாட்டை ஒரு பிழையும் இல்லாமல் பாடி முடித்தாள்.