கொக்கியில் எழுபத்தொரு கிலோ

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் என் மனைவியைக் கேட்கலாம். அன்று நான் ஒரு காலில் செருப்பும் மறு காலில் தொழிற்சாலை ஷூவுமாக வீடு வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள்தான்.

என் வேலை, இழுத்துப் பார்ப்பது. உயரத்தில் தொங்கி வேலை செய்பவர்கள் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்ளும் கொக்கிகளை எங்கள் தொழிற்சாலை செய்கிறது. சோதனை இயந்திரத்தில் கொக்கியை மாட்டிக் கீழ்நோக்கி இழுப்பேன். மேலே லோட் செல் தொங்கும். உள்ளங்கை அளவு எஃகுத் துண்டுதான். எவ்வளவு விசையில் இழுக்கிறோம் என்பதை உணர்ந்து, திரையில் கிலோக் கணக்கில் காட்டும். ஆயிரத்து ஐந்நூறு கிலோவை மூன்று நிமிடம் தாங்கினால் கொக்கி தேறிவிட்டது.

அன்று விடுமுறை. ஆனாலும் போனேன். காரணம், குரங்கு. என் மனைவியின் தம்பி. உயரமான கட்டடங்களில் தொங்கியபடி பெயின்ட் அடிப்பவன் என்பதால் வீட்டில் அந்தப் பெயர். மறுநாள் அவன் குழுவுக்குப் போகவேண்டிய சரக்கு சோதிக்கப்படாமல் கிடந்தது.

“என் தம்பி மாட்டிக்கப்போற கொக்கிங்க. ஏனோதானோன்னு பண்ணிட்டு வராதீங்க.”

“உன் தம்பிக்குக் கொக்கி எதுக்கு? வால் போதாதா?”

அவள் சிரிக்கவில்லை.

பேய் என்றால் எனக்கு உதறல். அதனால்தான் பட்டப்பகலில் போனேன். சோதனை அறை தரைக்குக் கீழே இருக்கிறது, அதற்கு ஜன்னலே கிடையாது என்பது உள்ளே போன பிறகுதான் உறைத்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பார்சல் தராசு கிடக்கும். அதன்மேல் ஏறி இறங்காமல் யாரும் உள்ளே வரமுடியாது. தினமும் ‘பீப்’ என்று கத்தி, எண்பத்தெட்டு கிலோ என்று காட்டி என் மானத்தை வாங்கும். அன்றும் வாங்கியது.

மதியம் 2.10. இயந்திரத்தைப் போட்டேன். இன்னும் எதையும் மாட்டவில்லை. திரையில் பூஜ்யம் வரவேண்டும்.

71.

வயரை ஆட்டினேன். 71. வயரையே மாற்றினேன். 71.

பிறகுதான் கவனித்தேன். எண் நிலையாக இல்லை. 71... 70... 72... 71... கெட்டுப்போன லோட் செல் தாறுமாறாகக் குதிக்கும். இது ஆடியது. மெதுவாக. தொங்குகிற ஆள் உடம்பை அசைப்பதுபோல.

“ஈரம் புகுந்திருக்கும்” என்று உரக்கச் சொன்னேன். நான் சொன்னால் நானாவது நம்புவேன். பூஜ்யப் பொத்தானை அழுத்தினேன். இருக்கிற பாரத்தைக் கழித்துவிட்டு எண்ணத் தொடங்கு என்று சொல்லும் பொத்தான் அது. 0 வந்தது.

கழிந்தது எண் மட்டும்தான்.

சரக்கிலிருந்து மாதிரிக்கு ஐந்து கொக்கிகளை எடுத்திருந்தேன். முதலாவது தேறியது. அடுத்த மூன்றும் தேறின. ஐந்தாவதுதான் கடைசி. மூன்று நிமிடம் முழுசாகத் தாங்கியது. கழற்றிக் கையில் எடுத்தேன்...

தொப்.

மேலிருந்து ஏதோ விழுந்த சத்தம். தரையைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரையைப் பார்த்தேன்.

மைனஸ் 71.

தொங்கிக்கொண்டிருந்தது... இறங்கிவிட்டது.

பீப்.

முதுகுக்குப் பின்னால். வாசல் தராசு.

71.4.

தராசின்மேல் யாரும் இல்லை.

வெளியே போக வேறு வழியும் இல்லை.

ஓரடி வைத்தேன். 71.4. இன்னோரடி... 71.4. இப்போது அது ஆடவில்லை. நின்றது. வழியை மறித்துக்கொண்டு.

என் கையில் இன்னும் அந்த ஐந்தாவது கொக்கி.

“சரி... சரிப்பா. மறுபடி இழுத்துப் பாக்கறேன். ஒண்ணும் பண்ணிடாத. புள்ளகுட்டிக்காரன்.”

மாட்டினேன். இழுத்தேன். 400... 500... 600...

டக்!

இரண்டாக உடைந்தது. சற்றுமுன் தேறிய அதே கொக்கி.

பீப்.

தராசில் 0.

அந்த ஓட்டத்தில்தான் செருப்பும் ஷூவும்.

மறுநாள் சரக்கு முழுவதையும் நிறுத்திவைத்தோம். கொக்கிகளை அறுத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் உள்ளே மயிரிழை விரிசல். லோட் செல்லைச் சரிபார்க்க அனுப்பினேன். குறை ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தது.

ஃபோர்மேனிடம் மெல்லக் கேட்டேன். “அண்ணே, இந்த ரூம்ல யாராவது செத்திருக்காங்களா?”

“கட்டடம் கட்டினதிலேருந்து இருக்கேன். ஒருத்தரும் சாகல. இப்படியே பயந்துக்கிட்டிருந்தா நீதான் முதல் ஆளு.”

செத்தவர் யாரும் இல்லை. அப்படியானால் தொங்கியது யார்?

அடுத்த வாரம் புதுக் கொக்கிகளை வாங்கக் குரங்கே வந்தான். பட்டை, கயிறு, பெயின்ட் டப்பா எல்லாம் மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிற கோலத்தில். உள்ளே வரத் தராசில் ஏறினான்.

பீப்.

நான் எண்ணைப் பார்த்தேன்.

71.4.

“என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? குண்டாயிட்டேனா?”

அவன் சிரித்துக்கொண்டே தராசிலிருந்து குதித்தான்.

தொப்.