சுண்ணாம்பு காயும் முன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நாலைந்து பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியபோது எனக்கு எந்தப் பயமும் இல்லை. பறிபோக என்ன இருந்தது? பிறகு எல்கடுவ மலையின் கீழ்ப்பிரிவுப் பிள்ளைகளும் வந்தார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அம்மாமாரும் வந்தார்கள். முன்பு கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் அறையாக இருந்து பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவைத் தோட்டத்துத் துரை வாய்ப்பேச்சாகத் தந்தார். அன்றிலிருந்து பறிபோக ஒன்று இருந்தது.

கண்டியிலிருந்து ஓர் உதவி அமைப்பினர் எங்கள் சுவரோவியத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அறையை உர ஸ்டோர் ஆக்கிவிடுவேன் என்றார் துரை. சுவர் முழுக்கப் பெண்கள் தங்கள் முகங்களையே வரைந்திருந்தார்கள். காட்டுவதற்கு எங்களிடம் வேறொன்றும் இல்லை.

அன்று காலை கதவைத் திறந்தால் சுண்ணாம்பு வாடை. பக்கத்து லயத்து அக்கா வெள்ளையடிக்கும் தூரிகையோடு பெருமையாக நின்றார். அவர் முகமும் அந்தச் சுவரில்தான் இருந்தது. விருந்தாளி வந்தால் வெள்ளையடிக்காமல் விடுவார்களா எங்கள் சனங்கள்!

"பெரிய ஆளுங்க வாறாங்கல்ல தங்கச்சி, அழுக்குச் செவத்தையா காட்டுறது? படம் திரும்பப் போட்டுக்கலாம்."

பாவி மனுஷி, குடியைக் கெடுத்தாயே என்று கத்திவிட்டேன். ஈரமிருந்த இடத்தில் மட்டும் முகங்கள் மங்கலாகத் தெரிந்தன. காயக் காய ஒவ்வொன்றாக மறைந்தன. அதற்குள் வேன் வந்து நின்றது.

வந்தவர்கள் வெள்ளைச் சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காதான் குழாயடிக்கு ஓடி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து சுவரில் வீசினார். முகங்கள் திரும்பத் தெரிந்தன.

"காயிறதுக்குள்ள பாத்துக்கங்க," என்றார்.

வந்தவர்களில் மூத்த அம்மா ஒருவர், இதில் நீ எது என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா தன் முகத்தைத் தேடித் தொட்டார். தொடும்போதே அது வெளுக்கத் தொடங்கியிருந்தது. அந்த அம்மா வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

அறை எங்களிடமே இருக்கிறது, இன்னும் வாய்ப்பேச்சில்தான். பக்கத்து அறையும் சேர்ந்துவிட்டது. அந்த வெள்ளைச் சுவரில் மட்டும் யாரும் திரும்பப் படம் போடவில்லை. ரோட்டில் வேன் சத்தம் கேட்டால், வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.